ஆபாத் ஊர்களின் சுவர்ப்படம்: மாட்டி நான்கு மாதங்களுக்குப் பிறகு

நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு சங்கிலியும் புலப்படமுமாகக் கழித்தவன் என்பதால், எங்கே ஒரு நிலப்படம் விற்பனைக்குத் தொங்கினாலும் அதை விரித்துப் பார்க்காமல் நகர எனக்கு மனம் வருவதில்லை. புதுச்சேரியில் ஒரு புத்தகக் கண்காட்சியில், பாரசீக மொழியின் 'ஆபாத்' என்னும் விகுதியோடு முடியும் ஊர்களை மட்டும் குறித்த தமிழ்ச் சுவர்ப்படம் ஒன்றைக் கண்டபோதும் அதுவே நிகழ்ந்தது. நான்கடி அகலம், மூன்றடி உயரம், லேமினேட் செய்த தடித்த தாள், உடன் 32 பக்கங்களில் ஒரு விளக்கக் கையேடு. எல்லாம் சேர்த்து 480 ரூபாய். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அது நான்கு மாதங்களாகத் தொங்குகிறது. வெளியிட்டவர்கள் சொந்தக் காசைப் போட்டு நடத்தும் மிகச் சிறிய பதிப்பகத்தார். சில குறைகளைக் கடுமையாகவே சொல்லப்போகிறேன் என்பதால் அவர்கள் பெயரை எழுதவில்லை. இப்படிப்பட்ட படம் வேறொன்று என் கண்ணில் பட்டதில்லை; கடையில் பார்த்தால் வாசகர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ஒவ்வோர் ஊர்ப்பெயரிலும் விகுதியை மட்டும் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். தமிழ் எழுத்தில் அது அத்தனை எளிதான வேலை அன்று. ஐதர் என்பதோடு ஆபாத் சேரும்போது, 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்னும் நன்னூல் விதிப்படி ஈற்று மெய்யும் ஆகார உயிரும் கலந்து 'ரா' என்றாகிவிடுகின்றன. ஆகவே விகுதி ஓர் எழுத்தின் நடு வயிற்றிலிருந்து தொடங்குகிறது. கவனமில்லாத அச்சகம் 'பாத்' என்பதை மட்டும் சிவப்பாக்கியிருக்கும். படிப்பவரும் விகுதி அதுதான் என்று நினைத்துவிடுவார். இந்தப் படத்தில் 'ஐதர' வரை கருப்பாகவும், அடுத்து வரும் துணைக்கால் தொடங்கி இறுதிவரை சிவப்பாகவும் உள்ளது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: அகமதாபாத், மொராதாபாத், காசியாபாத், முர்ஷிதாபாத் என எல்லாவற்றிலும் அந்த ஒற்றைக் கால் பிசகாமல் சிவந்து நிற்கிறது. எழுத்தின்மேல் பிரியமுள்ள யாரோ ஒருவர் இரவு பகலாக உட்கார்ந்து செய்திருக்க வேண்டும்.

'பாத்' வேறு, 'ஆபாத்' வேறு என்பதற்குக் கையேடு காட்டும் எடுத்துக்காட்டும் நன்றாக இருக்கிறது. 'ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தைக் கேட்காத புதுச்சேரி ஆலை வாயில் கிடையாது. ஓசையில் ஐதராபாத்தின் தம்பிபோல ஒலித்தாலும் அதில் ஊர் எதுவும் இல்லை; 'ஜிந்தா' என்பது உயிரோடிருத்தல், 'பாத்' என்பது ஆகுக, இருக்கட்டும் என்னும் வியங்கோள். நாம் 'வாழ்க' என்று ஒரே சொல்லில் முடிப்பதைப் பாரசீகம் இரண்டு சொல்லாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இத்தனை நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்கள், கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி, 'ஆப் என்றால் நீர். ஆகவே ஆபாத் என்றால் நீர்வளம் உள்ள இடம்' என்று எப்படி அச்சிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பாரசீகத்தில் நீருக்கு 'ஆப்' என்று பெயர் உண்டு, பஞ்சாப் என்ற ஐந்து நீர் நாட்டின் பெயரில் அது இருக்கிறது என்பதெல்லாம் உண்மையே. ஈரானிய மேட்டு நிலத்தில் நிலத்தடி வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்த பிறகே ஊர் தோன்றும் என்பதால், அந்தப் பொருள் பொருத்தமாகவும் தோன்றுகிறது. ஆனால் சொல்லின் வேர் அதுவன்று. நடுக்காலப் பாரசீகத்திலேயே 'ஆபாத்' குடியேறிய, பயிரிடப்பட்ட, செழித்த என்னும் பொருளில் வழங்கியது. அதற்கும் முந்தைய நிலையில் 'ஆ' என்னும் முன்னொட்டும் 'பா' என்னும் காத்தல் வினையும் சேர்ந்து 'காக்கப்பட்டது' என்று பொருள்பட்டது. வடமொழி வழியே நமக்கு வந்த நிருபன், அதிபன் ஆகிய சொற்களின் இறுதியில் இருப்பதும் இதே காத்தல் வேரின் உறவுதான். இந்தச் சரியான விளக்கம் கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது! இரண்டு பக்கங்களை இருவர் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள் போலும். படத்தை வாங்கும் ஆசிரியர்கள் மூன்றாம் பக்கத்துக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவது நல்லது.

என் தொழில் காரணமாக எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி எட்டாம் பக்கத்தில் வருகிறது. வடமாநிலங்களின் வருவாய்ப் பதிவேடுகளில் ஊரின் பயிர்நிலம் ஒரு பக்கமும், வீடுகள் இருக்கும் பகுதி 'ஆபாதி' என்ற பெயரில் மற்றொரு பக்கமும் நிற்கும். மத்திய அரசு 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம் டிரோன் பறக்கவிட்டு அளப்பது இந்த ஆபாதி நிலத்தைத்தான். நம் பதிவேட்டில் அதற்கு இணையான சொல் நத்தம். கிராம நத்தத்தில் வீடு கட்டியிருக்கும் ஒருவர் பட்டா கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த கதைகளை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். நத்தம் என்றால் குடியிருப்பு, புன்செய் நன்செய்க்குப் புறம்பானது என்று விளக்கி விளக்கியே என் பணிக்காலத்தில் பாதி கழிந்தது. ஆபாத் என்பதும் அந்தப் பொருளே என்று ஓய்வுபெற்ற பிறகு ஒரு சுவர்ப்படம் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தாசில்தார், சிரஸ்தார், பசலி, ஜமாபந்தி என்று பாரசீகம் தோய்ந்த சொற்களை நாள் முழுவதும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த அலுவலகத்தில், குடியிருப்புக்கு மட்டும் நத்தம் என்ற நம் சொல்லே கடைசிவரை நிலைத்துவிட்டது என்பதையும் அப்போதுதான் யோசித்தேன்.

படத்தின் உடலுக்கு வருகிறேன். நிறைந்த புள்ளி, இன்றும் வழங்கும் பெயர். வெற்று வட்டம், வழக்கொழிந்த பெயர். பாதி நிறைந்த வட்டம், அண்மையில் அரசு மாற்றிய பெயர். இந்த மூன்றே குறியீடுகளைக் கொண்டு அவர்கள் காட்டியிருப்பது மிகப் பெரிய பரப்பு. ஈரானில் புள்ளிகள் எறும்புப் புற்றுபோல நெருங்கிக் கிடக்கின்றன. நிலத்தடி வாய்க்கால் வெட்டியவர், நிலம் திருத்தியவர், நிலக்கிழார் எனத் தோற்றுவித்தவரின் பெயரை முன்னே வைத்து ஹுசைனாபாத், அலியாபாத் என்று பெயர்பெற்ற சிற்றூர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் பெரியனவற்றை மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஃபிரூசாபாத் என்ற ஊரின் அருகே அம்புக்குறி போட்டு ஒரு கதையும் தந்திருக்கிறார்கள். அவ்வூரின் பழைய பெயர் கோர். பாரசீகத்தில் அதற்குக் கல்லறை என்ற பொருளும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அங்கே வந்து தங்கிய புவைஹித் மன்னர் அதுத் அல்-தௌலா, மன்னர் கல்லறைக்குப் போயிருக்கிறார் என்று மக்கள் பேசிக்கொள்வதைச் சகியாமல் வெற்றிபெற்ற ஊர் என்று பொருள்படப் பெயரை மாற்றிவிட்டாராம். அமங்கலச் சொல்லுக்கு அஞ்சி வேறு சொல் வழங்கும் மங்கல வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று.

மேற்கே ஆர்மீனியாவில் வாகர்ஷபாத் இருக்கிறது; கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாகர்ஷ் மன்னரின் பெயரால் எழுந்த நகரம் அது, விகுதி அத்தனை காலத்துக்கு முன்பே அவ்வளவு தூரம் போயிருந்தது. வடக்கே துருக்மெனிஸ்தானின் அஷ்காபாத், கிர்கிஸ்தானின் ஜலாலாபாத். இவற்றைக் காட்டிலும் என்னை அதிகம் நிற்கவைத்தவை நடு ஆசியாவிலும் காக்கசஸிலும் உள்ள மூன்று வெற்று வட்டங்கள். தஜிகிஸ்தானின் துஷான்பே 1929 முதல் 1961 வரை ஸ்டாலினாபாத். குஜந்த் 1936 முதல் 1991 வரை லெனினாபாத். அசர்பைஜானின் கஞ்சா 1935 முதல் 1989 வரை கிரோவாபாத். மாஸ்கோவிலிருந்து வந்த ஆணையும்கூடத் தலைவரின் பெயருக்குப் பின்னால் உள்ளூர் நாவுக்குப் பழகிய விகுதியைத்தான் ஒட்டவேண்டியிருந்தது. துஷான்பே என்பதற்குப் பாரசீகத்தில் திங்கட்கிழமை என்று பொருள். அங்கே கூடிய வாரச்சந்தையால் வந்த பெயர் அது. ஸ்டாலின் போனார், திங்கட்கிழமைச் சந்தை திரும்பிவந்தது.

இந்தியப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1327இல் தேவகிரியைத் தௌலதாபாத் ஆக்கிய முகமது பின் துக்ளக், 1411இல் அகமதாபாத்தை எழுப்பிய அகமது ஷா, 1591இல் ஐதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷா என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்களே வருகிறார்கள். அலகாபாத்துக்கும் ஔரங்காபாத்துக்கும் பாதி நிறைந்த வட்டம் தந்து பெயர் மாறிய ஆண்டுகளை முறையே 2018, 2023 என்று ஒரு வரியில் எழுதி, வேறு கருத்து எதுவும் சொல்லாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மதுராவிலும் சிட்டகாங்கிலும் 'இஸ்லாமாபாத்' என்ற வெற்று வட்டங்கள் உள்ளன. சிட்டகாங்குக்கு 1666இல் வென்ற முகலாயர் சூட்டிய பெயர் அது. இரண்டு இடத்திலும் ஒட்டாமல் உதிர்ந்த பெயர், 1960களில் பாகிஸ்தான் புதிதாகக் கட்டிய தலைநகரில்தான் ஒட்டியது. ஆங்கிலேயரும் இந்த ஆசைக்கு விலக்கல்லர். ஜான் ஜேகப் சிந்துவில் 1847இல் ஜேகபாபாத்தையும், ஜேம்ஸ் அபாட் 1853இல் அபாட்டாபாத்தையும் தம் பெயரால் நிறுத்திவிட்டுப் போனார்கள். இரண்டும் இன்றுவரை நிறைந்த புள்ளிகள்.

இப்போது என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். அபாட்டுக்கும் ஜேகப்புக்கும் இடம் தந்தவர்கள், புதுச்சேரியில் இருந்துகொண்டே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்ஸை மறந்துவிட்டார்கள். அபாட்டுக்கும் ஜேகப்புக்கும் நூறாண்டு முன்பே ஓர் ஐரோப்பியர் தம் பெயரோடு ஆபாத்தைச் சேர்க்க முயன்றார் என்றால், அது நம் பக்கத்தில்தான் நடந்தது. 1750 டிசம்பரில் செஞ்சிப் பக்கத்தில் பாளையமிறங்கியிருந்த நிஜாம் நாசிர் ஜங், தம்மோடிருந்தவர்களின் துரோகத்தால் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரருக்கு வேண்டிய முசாபர் ஜங் நிஜாமாகப் புதுச்சேரிக்கு வந்து சிறப்புச் செய்யப்பட்டார். அந்த வெற்றியின் நினைவாக, நாசிர் ஜங் விழுந்த இடத்தில் ஒரு தூணையும் ஒரு ஊரையும் எழுப்ப ஆளுநர் டூப்ளேக்ஸ் ஆணையிட்டார். ஊரின் பெயர் டூப்ளேக்ஸ் ஃபதேஹாபாத். பிரெஞ்சுக்காரரின் பெயர், வெற்றியைக் குறிக்கும் அரபுச் சொல், குடியிருப்பைக் குறிக்கும் பாரசீக விகுதி. தமிழ் மண்ணில் எழுந்த ஊரின் பெயரில் தமிழ் மட்டும்தான் இல்லை. 1752இல் காவேரிப்பாக்கம் போரை முடித்துக்கொண்டு எங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்குத் திரும்பிய கிளைவின் படை, போகிற வழியில் அந்த ஊரை இடித்துத் தள்ளியது. ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாக வாழ்ந்த ஊர் அது. வெற்று வட்டம் என்ற குறியீடே இதற்காகத்தான் படைக்கப்பட்டதோ என்று தோன்றும். ஆனால் படத்தில் அந்த இடம் வெறும் பழுப்பாக இருக்கிறது.

செஞ்சிக்கும் அதே கதிதான். பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் அதற்குப் பாதுஷாபாத் என்று பெயரிட்டார்கள். 1698இல் கோட்டையைப் பிடித்த முகலாயர் தம் தளபதியின் பட்டப்பெயரால் நுஸ்ரத்கட் என்றார்கள். புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் செஞ்சி என்று கூவித்தான் இன்றும் ஆள் ஏற்றுகிறார்கள். இதுவும் படத்தில் இல்லை.

இவை இரண்டையாவது செத்துப்போன பெயர்கள் என்று மன்னிக்கலாம். வாலாஜாபாத்தை விட்டதை மன்னிக்க முடியாது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, ஒருகாலத்தில் ஆங்கிலேயரின் படைமுகாமாக இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ரயில் நிலையமும் கடைத்தெருவுமாக உயிரோடிருக்கும் ஊர் அது. செங்கல்பட்டுப் பேருந்தில் நடத்துநர் 'வாலாஜாபாத்லாம் எறங்கு' என்று குரல் கொடுப்பதை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். தமிழில் அச்சிட்ட ஆபாத் படத்தில் தமிழ்நாட்டின் கண்கூடான ஆபாத் இல்லை என்றால் என்ன சொல்வது? அதே நவாபின் பெயரைத் தாங்கிய இன்னோர் ஊர் ராணிப்பேட்டைக்கு அருகே வாலாஜாபேட்டை என்று வழங்குகிறது. ஒரே பெயர், ஓரிடத்தில் பாரசீக விகுதியோடும் மற்றோரிடத்தில் நம் பேட்டையோடும் நிற்கும் இந்த இணையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரு கையேட்டுக்கு வாய்க்குமா?

ஏனென்றால் ஆபாத் தெற்கே ஏன் பரவவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த இணையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வடக்கே ஆபாத் செய்த வேலையை இங்கே பேட்டை எடுத்துக்கொண்டது: சைதாப்பேட்டை, எங்கள் மாவட்டத்து லால்பேட்டை, வில்லியனூர் பக்கத்துச் சுல்தான்பேட்டை. முன்பாதி மாறியது, பின்பாதி மாறவில்லை. பாரசீக விகுதியே வேண்டும் என்றாலும் கடற்கரையில் வணிகர்கள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றொரு பெயர் உண்டு, பந்தர் என்றால் துறைமுகம். இதைக் கையேடு ஒரு அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆள்பவரின் பெயரை ஊருக்கு வைப்பது பாரசீகரிடம் கற்க வேண்டிய வித்தையும் அன்று. காட்டுமன்னார்கோயில், பராந்தகச் சோழனின் பட்டப்பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றிருந்த ஊர்தான். ஊர்ப்பெயர் மறைந்து, அதே பட்டப்பெயர் வீராணம் ஏரியில் மட்டும் தேய்ந்து கிடக்கிறது. வெற்று வட்டங்கள் நம்மிடமும் வேண்டிய அளவுக்கு உண்டு.

மற்றக் குறைகள் சிறியவை. ஈரானின் ஆபாதான் நகரத்தையும் சிவப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதன் பழைய வடிவம் அப்பாதான், இந்த விகுதியோடு அதற்குத் தொடர்பு இல்லை. பாக்தாத்தைச் சேர்க்காமல் விட்டது சரியே: கோடை விடுமுறைக்கு வந்த என் பேத்தி, 'தாத்தா, இதுல பாக்தாத் எங்க?' என்று கேட்டாள். அது கடவுள் தந்தது என்னும் பொருளுள்ள வேறு பெயர் என்று சொல்லக் கையேட்டைப் புரட்டியபோது அதில் அந்தக் குறிப்பு இருந்தது. ஊர்ப்பெயர் அகரவரிசையில் ஹ, ஜ, ஃப எழுத்துகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மூட்டைகட்டிப் போட்டிருக்கிறார்கள். லேமினேட் பளபளப்பானது, கூடத்துக் குழல்விளக்கு எரிந்தால் ஆப்கானிஸ்தான் முழுவதும் ஒரே வெள்ளை. படத்தைச் சுருட்டித் தந்த குழாய் மெல்லியது, பேருந்தில் கடலூர் வருவதற்குள் ஓரம் மடிந்து வங்கக் கடலில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மட் லேமினேட்டும் கெட்டிக் குழாயும் தந்து ஐம்பது ரூபாய் கூட்டி வாங்கினாலும் யாரும் வருந்தமாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கலாமா என்றால், வாங்கலாம். பள்ளி ஆசிரியர்கள், ஊர்ப்பெயரில் ஆர்வமுள்ளவர்கள், வருவாய்த் துறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 480 ரூபாய்க்கு மேலான பயன் இதில் இருக்கிறது. எட்டாம் பக்கம் ஒன்றே எனக்குப் பாதி விலைக்கு ஈடு. சிறுவர்களுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் அடுத்த பதிப்புவரை காத்திருக்கலாம்.

அடுத்த பதிப்பு வரும் என்பதைக் கையேட்டின் பின்னட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசித் தெரிந்துகொண்டேன். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகக் கேட்டு, மூன்றாம் பக்கத்துக் கட்டத்தை எடுத்துவிடுவதாகவும் வாலாஜாபாத்தைச் சேர்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார். பாதுஷாபாத்துக்கும் டூப்ளேக்ஸ் ஃபதேஹாபாத்துக்கும் மட்டும் தயங்கினார். "செஞ்சிகிட்ட அடுத்தடுத்து ரெண்டு வெத்து வட்டம் போட்டா ரொம்ப நெரிசலா இருக்காதா சார்?" என்றார். ஒரு சர்வே எண்ணை ஒன்பது உட்பிரிவாகப் பிரித்து ஒரே புலப்படத்தில் வரைந்திருக்கிறோம், தாளைக் கொண்டுவாருங்கள், இடம் காட்டுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.